விளக்கை நகர்த்தாமல் முகத்தைக் குறை சொன்னவனுக்கு

உன் அழைப்பு அட்டை செவ்வாய்க்கிழமை வந்தது. ஜேபி நகரத்தில் உன் புது ஸ்டூடியோ, திறப்பு விழா, குத்துவிளக்கு ஏற்றுபவர் என்ற இடத்தில் என் பெயர். என்னை ஒரு வார்த்தை கேட்காமலே அச்சடித்திருக்கிறாய். நான் வரமாட்டேன். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ மூன்று தடவை "சரிம்மா, சரிம்மா" என்பாய், பிறகு கார் ஓட்டுகிறேன் என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அப்பா வருவார். நீலச் சட்டையை இப்போதே தேய்த்து மாட்டிவிட்டார். அவர் யார் மேலும் கோபப்படாத மனிதர். அதை நீ நல்ல குணம் என்று நினைக்கிறாய். கூடக் குடித்தனம் நடத்தியவள் நான், எனக்கு அது சோம்பல் என்றுதான் படுகிறது.

அட்டையின் முன்பக்கத்தில் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். யார் இது என்று நான் நிஜமாகவே உன் அப்பாவைக் கேட்டேன். "உன் மகன்தான்லா, நல்லாப் பாரு" என்றார். நல்லாத்தான் பார்த்தேன். மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு நிழல் இல்லை. நெற்றி பிசைந்து வைத்த மைதா மாவு மாதிரி இருக்கிறது. ஐந்து வயதில் சைக்கிளில் இருந்து விழுந்து புருவத்துக்கு மேலே வாங்கிய தழும்பைக் காணோம். அந்தத் தழும்புக்கு ஆஸ்பத்திரியில் உன்னை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். நீ என் நிறம். கருப்பு. அட்டையில் இருப்பவன் யாருடைய நிறம் என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்தவர் முகத்தை அழித்து அழித்துக் கை பழகி, கடைசியில் உன் முகத்தையும் அழித்துவிட்டாய்.

என் கோபம் அட்டைக்காக மட்டும் இல்லை. பாக்கியத்துக்காக. நீ மறந்திருப்பாய், அல்லது மறந்த மாதிரி இருப்பாய். நடந்ததை முதலில் இருந்து எழுதுகிறேன். ஒரு வரி விடாமல் படி.

நம் குளுவாங் ரயில் நிலையத்துப் பக்கம் மேசை போட்டு வடையும் நாசி லெமாக் தேங்காய்ச்சோறும் விற்றவள் பாக்கியம். பள்ளிக்கூடம் போகிற வழியில் அவள் வடையைத் தின்றுதான் நீ வளர்ந்தாய். புருஷன் போன பிறகு, அந்த அடுப்பை வைத்தே ஒற்றை ஆளாக மகளைப் படிக்க வைத்தாள். இந்த வருடம் சந்தைக்குப் பின்னால் சொந்தமாக ஒரு கடை எடுத்தாள். பெயர்ப்பலகையில் தன் முகம் பெரிதாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு ஆசை. "ஊரு பூரா கோழிக்கடைக்காரன் மூஞ்சியத்தான் பலகையில பாக்குது. என் மூஞ்சியும் ஒரு நாளு இருக்கட்டுமேக்கா" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். நான்தான் சனிக்கிழமை நம் ஸ்டூடியோவுக்கு வரச் சொன்னேன், அன்றைக்கு நீ அங்கே இருப்பாய் என்று.

அரக்குப் பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து, தலைக்கு எண்ணெய் தடவி வாரிக்கொண்டு, பதினொரு மணி வெயிலில் பஸ் நிறுத்தத்தில் இருந்து நடந்தே வந்தாள். வந்தவளுக்கு உட்கார ஒரு நாற்காலி கொடுத்தாயா? மின்விசிறி பக்கம் திருப்பினாயா? பட்டமளிப்பு அங்கி போட்ட இரண்டு பிள்ளைகள் காத்திருந்தார்கள், உனக்கு அவசரம். வெள்ளைத் துணி போர்த்திய பெரிய விளக்கை ஜேபிக்குக் கொண்டு போக ஏற்கெனவே காரில் ஏற்றிவிட்டாய். இறக்கி வரச் சோம்பல். கேமரா தலையில் சின்ன ஃபிளாஷைச் சொருகி, துணி ஒன்றும் போடாமல், நேராக அவள் முகத்தில் அடித்தாய். திரையைப் பார்த்துவிட்டு நீ சொன்னதை நான் முன்மேசைப் பக்கம் நின்று கேட்டேன்.

"அலமாக் ஆன்டி! மூஞ்சியில எண்ணெ வழியுது. இத வச்சே நாலு வடை சுட்டுரலாம் போல."

அந்தப் பிள்ளைகள் சிரித்தார்கள். நீ சிரித்தாய். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள். பிறகு பின்கட்டுக்குப் போய், கை கழுவ வைத்திருந்த சோப்பைப் போட்டு முகத்தைக் கழுவினாள். வந்து உட்கார்ந்தாள். முகம் மறுபடியும் மின்னியது. மறுபடியும் போனாள். மூன்று தடவை. மூன்றாவது தடவை கன்னம் சிவந்து, தோல் இழுத்துக்கொண்டு, பொட்டு அழிந்து வந்து நின்று, "இப்பப் பரவால்லையா தம்பி?" என்று கேட்டாள். நீ தலையைத் தூக்கவே இல்லை. "பரவால்ல ஆன்டி, நான் கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்கிறேன்லா" என்றாய். நான் ஒன்றும் பேசவில்லை. மேசை மேல் இருந்த ரசீதுப் புத்தகத்தை அடுக்கிக்கொண்டிருந்தேன். உன்னைத் திட்டுவதற்கு முன்னால் அதையும் எழுதிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எத்தனை வருடம் எங்கள் கூட நின்றாய்? முகத்தில் மின்னுவது வெறும் எண்ணெய் இல்லை, உன் விளக்கின் பிம்பம் என்று உனக்குத் தெரியாதா? விளக்கு சின்னதாக இருந்தால் அந்தப் பிம்பமும் சின்னதாக, வெள்ளையாக, ஊசி மாதிரி நெற்றியில் உட்காரும். கருத்த தோலில் அது இன்னும் பளிச்சென்று தெரியும். அதே விளக்குக்கு முன்னால் ஒரு பெரிய வெள்ளைத் துணியைக் கட்டி, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு வந்தால், பிம்பம் கன்னம் முழுக்கப் பரவி மெலிந்துபோகும். கேமராவின் தலையில் இருந்து எடுத்துப் பக்கவாட்டில் வைத்தால், நெற்றியில் பட்ட வெளிச்சம் வேறு பக்கம் தெறித்துப் போகும், லென்ஸுக்குள் வராது. பத்து நிமிடம் காற்றில் உட்கார வைத்து, மெல்லிய டிஷ்யூவை நெற்றியிலும் மூக்கிலும் ஒற்றி எடுத்தால் போதும். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். சோப்புப் போட்டுத் தேய்த்த தோல் இழுத்துக்கொண்டு இன்னும் அதிகமாகத்தான் மின்னும். இது எல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தப்பை அவள் முகத்தின் மேல் போட்டாய். அதுதான் எனக்கு ஆறவில்லை.

அதோடு நிறுத்தினாயா? மூன்றாம் நாள் அவளுடைய இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வீடியோ போட்டாய். ஒரு பக்கம் சோப்புப் போட்டுச் சிவந்த அவள் முகம், பின்னணியில் எண்ணெய் கொதிக்கிற சத்தம். இன்னொரு பக்கம் நீ கம்ப்யூட்டரில் வெளுத்து வழித்து வைத்த யாரோ ஒருத்தி. 'எண்ணெய்ச் சட்டியையும் அழகாக்குவோம்' என்று எழுத்து வேறு. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் மகள் சிங்கப்பூரில் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். சாப்பாட்டு நேரத்தில், அவளோடு வேலை செய்கிற ஒரு பெண், இவள் யார் மகள் என்று தெரியாமல், "இதப் பாரேன், சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது" என்று அந்த வீடியோவைக் காட்டியிருக்கிறாள். அந்தப் பிள்ளை கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டு அழுதிருக்கிறது. பாக்கியத்துக்கு விஷயம் அப்படித்தான் தெரிந்தது. அதன் பிறகு ஒன்பது நாள் அவள் மேசை போடவில்லை. பெயர்ப்பலகை செய்கிறவரிடம் முகம் வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டாள்.

நான் உன்னைக் கூப்பிட்டு எடுத்துவிடச் சொன்னபோது நீ சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "அம்மா, இருக்கிறதுலயே அதுதான் நல்லா ஓடுது. அவங்களுக்கும் விளம்பரம்தானே? நீங்க ஏன் சும்மா பெருசு பண்றீங்க?"

சும்மா பெரிசு பண்ணுகிறேன். சரி. உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சொன்ன பிறகு நீ என்னையும் கேவலமாக நினைக்கலாம். நினைத்துக்கொள்.

உன் மலர் சித்தி ஏன் எந்தக் குடும்பப் படத்திலும் முகம் காட்டமாட்டாள் தெரியுமா? யார் தோளுக்குப் பின்னாலாவது போய் நிற்பாள், இல்லையென்றால் சமையல்கட்டில் வேலை இருக்கிறது என்று போய்விடுவாள். சின்ன வயதில் நீ அவளை 'ஒளிஞ்சான் சித்தி' என்று கூப்பிடுவாய், நாங்கள் எல்லாரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். அவளை ஒளிய வைத்தவளே நான்தான்.

நீ பிறப்பதற்கு முந்தைய வருடம். எனக்குக் கல்யாணமாகி இந்த ஸ்டூடியோவுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. உன் அப்பா படம் எடுப்பார், நான் பெண்களுக்கு முக ஒப்பனை செய்வேன். ரெங்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்த மலருக்கு செடெனாக்கில் ஒரு மாப்பிள்ளை வீடு பார்த்தார்கள், படம் கேட்டார்கள். அவள் என்னைவிடக் கருப்பு. களையான முகம், சிரித்தால் கண் இரண்டும் மூடிக்கொள்ளும். நான் அவளை உட்கார வைத்து மூன்று பூச்சு வெள்ளைப் பவுடர் அப்பினேன். ஃபிளாஷ் பட்டால் அந்தப் பவுடர் சாம்பல் பூத்த மாதிரி தெரியும் என்று எனக்கு அப்போது தெரியாது. முதல் படத்தில் சாம்பலாகத்தான் வந்தது. உடனே உன் அப்பாவிடம் வெளிச்சத்தை ஏற்றச் சொன்னேன். ஏற்றினார். அதற்கு மேல் நெகட்டிவில் பென்சில் வைத்துத் தீட்டினோம். மலர் படத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது நான் மாதிரியே இல்லையே" என்றாள். "நல்லாருக்கில்ல, வாய மூடிக்கிட்டு இரு" என்றேன்.

பெண் பார்க்க வந்தார்கள். நான் தேநீர்த் தட்டோடு நிற்கிறேன், மலர் பாயில் உட்கார்ந்திருக்கிறாள். மாப்பிள்ளையின் அம்மா கைப்பையில் இருந்து படத்தை எடுத்தாள். எழுந்து வந்து, மலரின் முகத்துக்குப் பக்கத்தில் அதைப் பிடித்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது யாரு படம்? வேற பொண்ணு படத்த மாத்திக் குடுத்துட்டீங்களா?" என்றாள். நான் தேநீர்த் தட்டை நீட்டினேன். தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் மலரை வேண்டாம் என்று சொன்னதுகூடப் பெரிதில்லை. அவள் படத்தை அவள் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களே, அந்த நிமிடத்தில் அவள் ஒரு ஏமாற்றுக்காரி மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். ஏமாற்றியது நான். அவர்கள் போன பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? "நீ கொஞ்சம் வெயில்ல அலையாம இருந்திருக்கலாம்" என்றேன். நீ பாக்கியத்திடம் சொன்ன அதே பேச்சு. என் வாயில் இருந்துதான் உன் வாய்க்கு வந்திருக்கிறது.

நான் அன்றே திருந்திவிட்டேன் என்றும் நினைக்காதே. அதன் பிறகும் பல வருடம் வெள்ளைப் பவுடரை நிறுத்தவில்லை. கேட்டு வருகிறார்கள், கொடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டோம். ஒன்றாம் வகுப்புப் படத்துக்கு உன் முகத்திலும் அப்பித்தான் அனுப்பினேன். பிறகுதான், ஒரு கல்யாணப்பெண் ஆல்பத்தை வாங்கிப் புரட்டிவிட்டு "என் கல்யாணத்துல நான் எங்க?" என்று கேட்ட பிறகுதான், விளக்கை நகர்த்தக் கற்றுக்கொண்டோம். கற்றதை உனக்கும் காட்டினோம். எதற்காகக் கற்றோம் என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் மலரைப் பற்றிச் சொல்ல வேண்டி வருமே என்று மறைத்தேன்.

பாக்கியம் வீட்டுக்கு நான் போனேன். முதல் நாள் கேட்டைத் திறக்கவே இல்லை. இரண்டாம் நாள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினாள்.

"உங்க மகன் புண்ணியத்துல நான் இப்ப நடிகையாயிட்டேன். இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"திரும்ப ஒரு படம் எடுக்கணும், பாக்கியம். இந்தத் தடவை நானும் அவரும் எடுக்கிறோம்."

"எதுக்கு? மிச்ச எண்ணெயையும் வடிக்கவா?"

அன்று திரும்பிவிட்டேன். மூன்றாம் நாளும் போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "வர்றேன். ஆனா மொதல்ல நீங்க உக்காரணும். அவன் எனக்கு அடிச்ச அதே வெளிச்சம். நான்தான் அமுக்குவேன்." சரி என்றேன்.

வந்தாள். நான் அதே முக்காலியில் உட்கார்ந்தேன். உன் அப்பா கேமராவைத் தயார் செய்து அவள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். ஃபிளாஷ் கண்ணில் அடித்தது. மகனே, இத்தனை வருடமாக எத்தனையோ பேரை அந்த முக்காலியில் உட்கார வைத்திருக்கிறேன். நான் அங்கே உட்கார்ந்து, ஒருத்தி என் முகத்தைத் திரையில் பார்த்து என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தது அதுதான் முதல் தடவை. பாக்கியம் திரையை என் பக்கம் திருப்பினாள். நெற்றி, மூக்கு நுனி, தாடை எல்லாம் பளபளவென்று வெள்ளைத் திட்டு. "உங்க மூஞ்சிலயும் சுடலாம்க்கா" என்றாள். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அதன் பிறகுதான் வேலை. பெரிய விளக்கை நீ கொண்டு போய்விட்டாய், அதனால் துணி காயவைக்கிற சட்டத்தில் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டினோம். அதன் பின்னால் விளக்கை வைத்து, அவளுடைய இடது பக்கம் கை எட்டுகிற தூரத்துக்கு இழுத்தோம். வலது பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தி வெளிச்சத்தைத் திருப்பினோம். மின்விசிறியைப் போட்டு அவளோடு உட்கார்ந்து தேநீர் குடித்தேன், வேர்வை அடங்கும்வரை. டிஷ்யூவை நான் ஒற்றவில்லை, கண்ணாடியைக் கொடுத்து அவளையே ஒற்றிக்கொள்ளச் சொன்னேன். பவுடர் டப்பாவை அவள் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டேன். அவ்வளவுதான். உன் காரில் இருந்து ஒரு விளக்கை இறக்குகிற நேரம்கூட ஆகவில்லை.

எடுத்த படங்களை எல்லாம் அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கன்னத்து எலும்பு மேல் கொஞ்சம் மினுமினுப்பு இருந்தது. உன் அப்பா, "இத மட்டும் லேசா குறைச்சிரவா?" என்று கேட்டார்.

"வேணாம்ணே. அடுப்புகிட்ட நிக்கிறவ நான். அது இருக்கட்டும்."

இப்போது அந்த முகம் சந்தைக்குப் பின்னால் கடை வாசலில் இருக்கிறது. திறந்த அன்று மகள் சிங்கப்பூரில் இருந்து வந்து அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டாள். பாக்கியம் எனக்கு வடை கொடுத்தாள், நன்றாகத்தான் பேசினாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ செத்திருந்தால்கூடக் கேட்டிருப்பாள். எழுதக் கூடாத வார்த்தைதான், எழுதிவிட்டேன், அடித்துத் திருத்தப்போவதில்லை.

வீடியோ இன்னும் இருக்கிறது. நேற்றுகூட உன் அப்பாவின் போனில் பார்த்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் மலரைக் கூப்பிட்டேன். எழுதி வைத்து, கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்து, அதன் பிறகுதான் கூப்பிட்டேன். அந்தப் படத்தை நான்தான் கெடுத்தேன், வெயிலில் அலைந்தாய் என்று உன் மேல் பழி போட்டேன், என்னை மன்னித்துவிடு என்றேன். "இத்தன வருஷம் கழிச்சு, இப்பவாக்கா?" என்றாள். பிறகு, "எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டாள். நான் மறுபடி கூப்பிடவில்லை. எடுத்து இரண்டு வார்த்தை பேசினாளே, எனக்கு அதுவே அதிகம்.

நீ பாக்கியத்துக்குச் செய்து ஆறு வாரம்தான் ஆகியிருக்கிறது. உன் திறப்பு விழாவை யாரை வைத்து வேண்டுமானாலும் நடத்திக்கொள், நான் வரமாட்டேன், கெஞ்சச் சொல்லி அப்பாவை அனுப்பாதே. பாக்கியத்தின் கடை காலை ஆறரைக்குத் திறக்கும். வீடியோவை அழித்துவிட்டுப் போ. எல்லாரும் பார்க்கச் சிரித்தாய், எல்லாரும் இருக்கும் நேரத்தில் போய் நின்று மன்னிப்புக் கேள். அவள் திட்டினால் வாங்கிக்கொள். பேசாமல் இருந்தால் அதையும் வாங்கிக்கொண்டு நில். கேமராவை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதே.

அம்மா